கார்ட்ரிட்ஜ்: ஊசிக்கூடு

பச்சை குத்துவோர் பேச்சில் இன்று அன்றாடம் புழங்கும் கார்ட்ரிட்ஜ் என்னும் சொல், ஊசித் தொகுதியையும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறுப்பையும் சேர்த்து ஒரே பொருளாகக் குறிக்கிறது. கிருமி நீக்கிய பொட்டலத்தைப் பிரித்து அதை வெளியே எடுத்தால் முதலில் ஊசி கண்ணில் படாது. சுண்டுவிரலை விடச் சிறிய ஒரு குழல், முன்பக்கம் மூக்குப் போல ஒடுங்கியும் பின்பக்கம் ஒரு தண்டின் முனை துருத்திக்கொண்டும் இருப்பதுதான் தெரியும். அந்தத் தண்டை விரலால் மெல்ல அழுத்தினால் மூக்கின் வழியே ஊசிமுனைகள் எட்டிப் பார்க்கும். விரலை எடுத்ததும் உள்ளே போய்விடும். இச்சொல்லுக்குத் தமிழ் தேடுபவர் அகராதியைப் புரட்டும் முன் இப்படி ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது.

சொல்லின் வேர் காகிதத்தில் இருக்கிறது. பாப்பிரஸ் தாளைக் குறித்த ஒரு கிரேக்கச் சொல் லத்தீனிலும் பின்னர் இத்தாலியிலும் கார்ட்டா ஆயிற்று. காகிதத்தைச் சுருட்டிச் செய்த கூம்பை இத்தாலியர் கார்ட்டோச்சோ என்றனர். பிரெஞ்சுக்காரர் அதைக் கார்ட்டூஷ் ஆக்கி, வெடிமருந்தை அளந்து மடித்து வைத்த காகிதச் சுருளுக்கும் அப்பெயரையே வழங்கினர். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வாயில் அது திரிந்து கார்ட்ரிட்ஜ் ஆனது. நாம் எடுத்தாளும் கார்டு, சார்ட், கார்ட்டன், கார்ட்டூன் ஆகியவையும் இதே குடும்பத்துச் சொற்களே. 1857ஆம் ஆண்டுச் சிப்பாய்கள் பல்லால் கடித்துப் பிரிக்க மறுத்த, கொழுப்பு தடவியதாகச் சொல்லப்பட்ட அந்தத் தோட்டாவும் காகிதச் சுருள்தான் என்பதை நினைவுகூர்ந்தால், இச்சொல் தொடக்கத்தில் குறித்தது சுற்றியிருக்கும் பொதியையே என்பது விளங்கும். பின்னர் உலோகத் தோட்டா, பேனாவின் மைக்குழல், அச்சுப்பொறியின் மைப்பெட்டி எனச் சொல் பரவியபோதும், கழற்றி மாற்றத்தக்க, உள்ளீடு அடைத்த ஒரு கூடு என்ற கருத்து மாறவே இல்லை.

தோட்டா என்பது தமிழில் வேரூன்றிவிட்ட சொல்லாயிற்றே, அதையே இங்கும் வைத்தால் என்ன என்று கேட்கலாம். அதுவும் இரவல் சொல் என்பது ஒருபுறமிருக்க, தோட்டா என்றதும் வெடித்துப் பாய்ந்து ஒருமுறையோடு தீர்ந்துபோகும் ஒன்றே மனத்தில் எழுகிறது. பச்சை குத்தும் பொறியைத் துப்பாக்கி என்று அழைப்பதைத் தொழிலாளர் பலர் விரும்புவதில்லை. மெஷின் என்றே சொல்ல வேண்டும் என்பார்கள். அவர்கள் விலக்கிய துப்பாக்கியைத் தோட்டா என்னும் பெயரால் நாம் மீண்டும் உள்ளே கொண்டுவர வேண்டியதில்லை. (அகன்ற ஊசிவரிசைக்கு அவர்கள் வழங்கும் மேக்னம் என்னும் பெயர், பெருந்தோட்டாவின் பெயராகவும் இருப்பது வேறு கதை.) குப்பி என்றால் மை நிரப்பி அடைத்த பொருள் போலத் தோன்றும், இங்கோ மை தனிக் கிண்ணத்தில் இருக்கிறது, மூக்கை அதில் தொட்டுத் தொட்டுத்தான் எடுக்கிறார்கள். உறை என்பது வாளுக்கு இருப்பது போல, வேலை தொடங்கும்போது கழற்றி வைப்பதற்குரியது. இந்த ஊசியோ தன் இருப்பிடத்தை விட்டு நீங்காமலே வேலை செய்கிறது. கணினிக் கலைச்சொற்களில் காணப்படும் பொதியுறை, வேர்ச்சொல்லின் பொருளுக்கு மிக நெருங்கியது என்றாலும், வேலைக்கு நடுவே சொல்லிப் பார்த்தால் நாவில் இடறுகிறது. மூக்குக்கண்ணாடிக் கூடு என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆகவே ஊசிக்கூடு என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. கூட்டுக்குள் இருந்தபடி வெளியே தலைநீட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும் அசைவும் அச்சொல்லில் தானாகவே வந்துவிடுகிறது.

இதனோடு சேர்ந்தே வரும் ரோட்டரி என்னும் அடைமொழியில்தான் மொழிபெயர்ப்பாளர் பெரிதும் வழுக்குகின்றனர். சக்கரத்தைக் குறிக்கும் லத்தீன் ரோட்டாவிலிருந்து பிறந்த இச்சொல்லைக் கண்டதும் சுழலும் ஊசி என்று எழுதிவிடுகிறார்கள். ஊசி ஒருபோதும் சுழல்வதில்லை. சுழல்வது மோட்டார், அதன் அச்சிலிருந்து சற்று விலக்கிப் பொருத்திய முளை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தள்ளுதண்டை முன்னே தள்ளிப் பின்னே எடுக்கிறது. அந்த முன்பின் அசைவின் நீளமாகிய வீச்சு, பொறிக்குப் பொறி ஏறத்தாழ 2.5 முதல் 4.5 மில்லிமீட்டர் வரை வேறுபடும். எனவே சுழற்பொறி அல்லது சுழல்மோட்டார்ப் பொறி என்பது சரி, சுழலூசி என்பது பிழை. மின்காந்தச் சுருள்களால் ஊசியை அடிக்கும் காயில் வகையைச் சுருள்பொறி என்று பிரித்துச் சொல்லலாம். பச்சை குத்துநர் சாமுவேல் ஓ'ரெய்லி நியூயார்க்கில் 1891ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற பச்சை குத்தும் பொறி, எடிசன் 1876இல் காப்புரிமை பெற்ற மின்பேனாவின் வழிவந்தது; அந்தப் பேனாவும் சுழல்மோட்டாரால் இயங்கியதே, அது துளைத்ததும் காகிதத்தையே!

கூடு என்ற சொல்லை நான் வலியுறுத்துவதற்குப் பொறியின் இயக்கமும் காரணம். பழைய முறையில் நீண்ட ஊசித்தண்டின் வளையத்தைப் பொறியில் மாட்டுவார்கள். பொறியே ஊசியை இறக்கவும் ஏற்றவும் செய்யும். ஊசிக்கூட்டைப் பொறியின் கைப்பிடியில் செருகித் திருகிப் பூட்டும்போது அத்தகைய பிணைப்பு ஏற்படுவதில்லை. தள்ளுதண்டு பின்னாலிருந்து தள்ளுவதோடு சரி. ஊசியைத் திரும்ப இழுப்பது, பெரும்பாலான ஊசிக்கூடுகளில், உள்ளே இருக்கும் நெகிழ்வான ஒரு சவ்வு. சவ்வு தளர்ந்திருந்தால் மோட்டார் விரைந்து ஓடும்போது ஊசி முழுமையாகத் திரும்பாமல் பின்தங்கும்; மிகவும் இறுக்கமாக இருந்தால் மோட்டார் திணறும். இதைவிட முக்கியமான வேலையும் அச்சவ்வுக்கு உண்டு. மையும் அதில் கலந்த குருதியும் பின்னோக்கி ஏறிப் பிடிக்குள்ளும் பொறிக்குள்ளும் புகாமல் அதுவே தடுக்கிறது. நீராவிக் கலத்தில் வைத்துக் கிருமி நீக்க முடியாத மோட்டார் உறுப்புகளை ஒருவரின் குருதி எட்டிவிட்டால், அடுத்து வந்து அமர்பவருக்கு நோய் தொற்ற வழி பிறந்துவிடும். சவ்வு இல்லாத மலிவுச் சரக்கும் இதே பெயரில் விற்கப்படுகிறது. அதைக் கூடு என்பதை விட வெறும் குழல் என்பதே தகும். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசிக்கூட்டை, முனை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், மற்றொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது.

டாட்டூவுக்கு ஈடான தமிழில் சிக்கல் ஏதுமில்லை. பாலினீசிய மொழிகளின் டாடாவ், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கடற்பயணங்கள் வழியே ஆங்கிலத்தில் ஏறியது; நமக்கோ பச்சை குத்துதல் என்னும் பழஞ்சொல் இருக்கிறது. தோலுக்கடியில் தங்கிய கருமை, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நீலமும் பச்சையும் கலந்து தெரிவதை அச்சொல் நுட்பமாகவே பிடித்திருக்கிறது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் குறியீட்டை மட்டும் தமிழாக்காமல் விட்டுவிடலாம். 1207 ஆர்எல் என்றிருந்தால், முதல் ஈரிலக்கமான 12 ஒவ்வோர் ஊசியின் தடிமன் 0.35 மில்லிமீட்டர் என்பதையும், 07 அத்தகைய ஊசிகள் ஏழு சேர்ந்திருப்பதையும், ஆர்எல் என்பது அவை கோடு போடுவதற்காக வட்டமாக நெருக்கி வைக்கப்பட்டிருப்பதையும் காட்டும். 12க்கு மாறாக 10 என்றிருந்தால் தடிமன் 0.30, 08 என்றிருந்தால் 0.25. வாங்குபவர் இந்தக் குறியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் எடுப்பார் என்பதால், கையேட்டில் ‘1207 ஆர்எல் ஊசிக்கூடு’ என்று எழுதினால் போதும்.