40,000 வியூஸ் வந்தாச்சு, இடம் பார்க்க வந்தது எத்தனை பேர்?

கேடிசி நகர் பக்கம் ஐந்து சென்ட் மனை. ட்ரோன் ஷாட், பின்னணி இசை, பெரிய எழுத்தில் தலைப்பு. ரீல் 40,000 வியூஸைத் தாண்டிவிடுகிறது. கமெண்டில் வரிசையாக ‘விலை?’, ‘எந்த இடம் அண்ணாச்சி?’ என்று கேள்விகள். ஒரு மாதம் கழித்தும் மனை அப்படியே கிடக்கிறது. அதே வாரம் போனைக் கையில் பிடித்து எடுத்த இன்னொரு வீடியோ 1,800 வியூஸோடு நின்றுபோயிருக்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு நான்கு குடும்பங்கள் நேரில் வந்து இடம் பார்த்துப் போயிருக்கும்.

நெல்லைச் சீமையில் மனைத் தொழில் செய்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். இந்த இரண்டில் எந்த வீடியோ வேலை செய்தது என்று போனைப் பார்த்துச் சொல்ல முடியாது, விசாரிப்பவர்களை எழுதி வைக்கும் நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த நோட்டை எப்படிப் போடுவது, அதில் எங்கெல்லாம் தப்பு நடக்கும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் போன் காட்டும் எண்களைப் புரிந்துகொள்வோம். இன்ஸ்டாகிராமில் ‘வியூஸ்’ என்பது வீடியோ எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு. ஒரே ஆள் மூன்று முறை ஓட்டினால் மூன்று. எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை ‘ரீச்’ சொல்லும். யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. எத்தனை விநாடி பார்த்தார் என்பது கணக்கில் வராது. ஆகவே அந்தத் தேதிக்கு முன்னால் போட்ட ஷார்ட்ஸையும் பின்னால் போட்டதையும் பக்கத்தில் வைத்து, சேனல் வளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. பழைய முறைக் கணக்கு யூடியூப் ஸ்டுடியோவில் ‘என்கேஜ்டு வியூஸ்’ என்று தனியாக இருக்கிறது. ஒப்பிடுவதானால் அதை வைத்து ஒப்பிடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், நீங்களும் அவரும் ஒருவர் எண்ணை ஒருவர் சேமித்து வைத்திருந்தால்தான் தெரியும். ரீட் ரெசீட்டை (நீல டிக்கை) அணைத்து வைத்திருப்பவர் பார்த்தாலும் பட்டியலில் வரமாட்டார். 24 மணி நேரத்தில் எல்லாம் மறைந்துவிடும் என்பதால், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மறுநாள் காலையிலேயே குறித்துவிட வேண்டும்.

இந்த எண்களில் விற்பனைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் இருப்பது ஷேர். நம் ஊரில் மனை வாங்குவது தனியாள் எடுக்கிற முடிவாக இருப்பதில்லை. மனைவி பார்த்துக் கணவருக்கு அனுப்புவார், மகன் துபாயிலிருந்து அப்பாவுக்கு அனுப்புவான், அப்பா அதை மருமகனுக்குத் தள்ளுவார். 200 லைக்கும் 3 ஷேரும் வாங்கிய வீடியோவைவிட, 40 லைக்கும் 25 ஷேரும் வாங்கிய வீடியோவையே மேலானதாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது சேவ். லைக்கை நோட்டில் எழுதவே வேண்டாம்.

மூன்று இலக்கக் கோடு

விசாரிப்பவர் எந்தப் பதிவைப் பார்த்து வந்தார் என்று தெரியாவிட்டால் மேற்கொண்டு எதையும் அளக்க முடியாது. லிங்க் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறோம், ஆனால் இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் போட்ட லிங்க்கை யாராலும் அழுத்த முடியாது. ஷார்ட்ஸ் விவரக் குறிப்பில் போட்டாலும் இதே கதிதான். எனவே லிங்க்கை நம்பாமல் ஓர் அடையாள எண்ணை, அதாவது ‘கோடு’ (code) எண்ணை நம்புங்கள்.

முதல் இலக்கம் எந்தத் தளம் என்பதற்கு: இன்ஸ்டாகிராமுக்கு 1, ஃபேஸ்புக்குக்கு 2, யூடியூபுக்கு 3, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 4. அடுத்த இரண்டு இலக்கம் உங்கள் பட்டியலில் அந்த இடத்தின் வரிசை எண். பதினேழாவது இடத்தை இன்ஸ்டாகிராமில் போட்டால் 117, யூடியூபில் போட்டால் 317. வீடியோவின் கடைசியில் வாயாலும் சொல்லுங்கள், திரையிலும் காட்டுங்கள்: ‘வாட்ஸ்அப்பில் கோடு 117 என்று அனுப்புங்கள்.’ எழுத்தில் கோடு வைத்தால் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். எண்ணில் அந்தத் தொல்லை இல்லை. ‘கோடு’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் 117 என்று போட்டால் சிலர் அதை மனை எண் என்றும், இன்னும் சிலர் சர்வே எண் என்றும் எடுத்துக்கொண்டு வில்லங்கம் போட்டுப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

போனில் அழைப்பவர் கோடு சொல்லமாட்டார். ‘எதுல பார்த்தீங்க?’ என்று கேட்டால் பலருக்கும் எல்லாமே ஃபேஸ்புக்தான், அல்லது எல்லாமே யூடியூப்தான். அதற்குப் பதிலாக, ‘வேப்பமரம் நிக்கிற இடமா, கிணறு இருக்கிற இடமா?’ என்று கேளுங்கள். அதற்குச் சரியான பதில் வரும். இதற்காகவே ஒவ்வொரு வீடியோவின் முதல் ஐந்து விநாடிக்குள் அந்த இடத்துக்கே உரிய ஓர் அடையாளத்தைக் காட்டிவிட வேண்டும். ஒரே இடத்தை இரண்டு தளத்தில் போடும்போது தொடக்கக் காட்சியை மாற்றிவிட்டால் எந்தத் தளம் என்பதும் தெரிந்துவிடும்.

கேட்டவர் ஒருவர், வந்தவர் இன்னொருவர்

நம் பகுதியில் கணக்கு அதிகமாக உடைவது இந்த இடத்தில்தான். விசாரணை +971 என்று தொடங்கும் அமீரக எண்ணிலிருந்து வரும், அல்லது சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ வரும். இடம் பார்க்க வருவது பாளையங்கோட்டையில் இருக்கும் அப்பாவோ, சுத்தமல்லியில் இருக்கும் மச்சானோ. வந்தவர் தன் எண்ணைக் கொடுப்பார். அலுவலகத்தில் அவரை ‘நேரில் வந்தவர்’ என்று எழுதிவிடுவார்கள். துபாய் விசாரணை ‘பதில் இல்லை’ என்று மூடப்பட்டிருக்கும். மாதக் கடைசியில் பார்த்தால் இன்ஸ்டாகிராமில் இருந்து ஒரு விற்பனைகூட வராதது போலவும், எல்லாம் தெரிந்தவர் மூலம் வந்தது போலவும் தெரியும். அதை நம்பி வெளிநாட்டு விளம்பரத்தை நிறுத்திவிடுவோம்.

நோட்டிலோ கூகுள் ஷீட்டிலோ ஒரு வரி இப்படி இருக்கட்டும்: முதல் விசாரணை ஜூலை 28, இரவு 10.40. கோடு 117. கேட்டவர் மகன், ஷார்ஜா. வந்தவர் அப்பா, ஆகஸ்ட் 3. கேட்டது 5 சென்ட், கிழக்குப் பார்த்த மனை. டோக்கன் (முன்பணம்) ஆகஸ்ட் 25. பத்திரம் செப்டம்பர் 11. இரண்டு போன் எண்ணும் ஒரே வரியில் இருக்க வேண்டும். இடம் காட்டக் கூட்டிப் போகும் தம்பியிடம், ‘யாருக்காகப் பார்க்கீங்க?’ என்று ஒவ்வொரு பார்ட்டியிடமும் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வி உடைந்த கணக்கை ஒட்டவைத்துவிடும்.

நேரத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமீரகம் நம்மைவிட ஒன்றரை மணி நேரமும், சவூதி இரண்டரை மணி நேரமும் பின்னால் இருக்கின்றன. அங்கே வேலை முடிந்து அறைக்கு வந்து போனைத் திறக்கும்போது நமக்கு இரவு பத்தைத் தாண்டிவிடும். காலை பத்து மணிக்குக் கடை திறந்து பதில் போட்டால் பன்னிரண்டு மணி நேரம் ஓடிப்போயிருக்கும், அதற்குள் அவர் இன்னும் இரண்டு பேரிடம் விசாரித்திருப்பார். முதல் பதிலுக்கு எவ்வளவு நேரமானது என்பதையும் ஒரு கட்டமாக வையுங்கள். வியூஸைவிட அந்தக் கட்டம் அதிகம் சொல்லும்.

விளம்பரத்துக்குக் கொடுத்த காசு

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவில் ‘வாட்ஸ்அப்புக்கு அனுப்பு’ விளம்பரம் ஓட்டினால், எத்தனை உரையாடல் தொடங்கியது, ஒன்றுக்கு எவ்வளவு செலவு என்று காட்டும். அதில் பெரும்பகுதி, தானாகவே நிரப்பி வரும் ‘ஹலோ! கேன் ஐ கெட் மோர் இன்ஃபோ ஆன் திஸ்?’ என்ற ஒற்றை வரிதான். கை தவறி அழுத்தியவரும் அதில் உண்டு. விளம்பரம் அமைக்கும்போதே அந்த வரியை ‘கோடு 217 விவரம் வேண்டும்’ என்று மாற்றிவிடுங்கள். நீங்கள் பதில் அனுப்பியபின் அந்த ஆள் தன் கையால் தட்டி அனுப்பும் இரண்டாவது செய்தியிலிருந்துதான் விசாரணை என்று எண்ணத் தொடங்க வேண்டும்.

கணக்குக்காக இரண்டு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 6,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 7,080. முதலாவதில் விலை போடவில்லை: 120 உரையாடல், ஒன்றுக்கு 59 ரூபாய். இரண்டாவதில் சென்ட் விலை, ரோட்டின் அகலம், அப்ரூவல் விவரம் எல்லாம் போட்டாயிற்று: 40 உரையாடல், ஒன்றுக்கு 177 ரூபாய். இந்த அளவில் பார்த்தால் முதலாவது மலிவு. இப்போது இடம் பார்க்க வந்தவர்களை எண்ணுங்கள். முதலாவதில் 8 பேர், தலைக்கு 885 ரூபாய். இரண்டாவதில் 16 பேர், தலைக்கு 442 ரூபாய் 50 காசு. போதாக்குறைக்கு முதலாவதில் 120 பேருக்கும் விலை சொல்லிச் சொல்லியே ஒரு ஆளின் நேரம் போயிருக்கும். விலையை மறைத்தால் கமெண்ட் கூடும், விற்பனை கூடாது. விலையைப் போட்டே விளம்பரம் செய்யுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

ஃபார்ம் நிரப்பும் விளம்பரத்தில் வேறொரு சிக்கல். பெயரும் எண்ணும் அந்த ஆளின் கணக்கிலிருந்து தானாக நிரம்பிவிடும். அது பழைய எண்ணாக இருக்கலாம். சரியான எண்ணாகவே இருந்தாலும், கூப்பிட்டால் ‘நான் எதுவும் கேக்கலியே’ என்பார். ‘எத்தனை சென்ட் தேவை?’ என்று கையால் தட்டி எழுத வேண்டிய ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டால் ஃபார்ம் எண்ணிக்கை குறையும், ஆனால் வருபவர் தெரிந்து வருவார்.

விசாரிப்பவர்களில் சக தரகர்களும் இருப்பார்கள். ‘பார்ட்டி ரெடியா இருக்கு, கமிஷன் எப்படி?’ என்று கேட்கும் அவர்களும் வேண்டியவர்களே, தொழில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் பிசினஸில் அவர்களுக்குத் தனி லேபிள் போடாவிட்டால் விசாரணைக் கணக்கு வீங்கிவிடும். புதியவர், இரண்டாவது செய்தி, இடம் பார்த்தவர், டோக்கன், தரகர் என்று ஐந்து லேபிள் போதும். போன் மாற்றும்போது லேபிள் தொலைய வாய்ப்புண்டு, வாரம் ஒருமுறை ஷீட்டில் ஏற்றிவிடுங்கள். அந்த ஷீட்டில் இருப்பவை பிறருடைய எண்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தரகர் குரூப்பில் போடும் பழக்கத்தை இன்றோடு விட வேண்டும். தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023இல் சட்டமே வந்துவிட்டது.

கேள்விகளையும் எண்ணுங்கள்

மாதம் ஒருமுறை வாட்ஸ்அப் உரையாடல்களைப் புரட்டி, என்ன கேட்டார்கள் என்று கோடு கிழித்து எண்ணிப் பாருங்கள். ‘நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? எத்தனை அடியில?’ ‘புது பஸ் ஸ்டாண்டுல இருந்து எவ்வளவு தூரம்?’ ‘டிடிசிபி அப்ரூவலா, ரெரா நம்பர் இருக்கா?’ (டிடிசிபி என்பது நகர் ஊரமைப்புத் துறை, ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்.) 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு, தாமிரபரணியை ஒட்டிய இடமென்றால் ‘அந்த மழையில தண்ணி வந்துச்சா?’ என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் வீடியோவில் அந்தப் பதில் இல்லை என்று பொருள். தண்ணீர் வந்த இடமாக இருந்தால் எவ்வளவு உயரம் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பார்க்க வந்தபின் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அவர் தெரிந்துகொண்டால் அந்த விற்பனையோடு அந்தக் குடும்பமே போய்விடும்.

ரெரா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் (மனைப்பிரிவு), நம் கணக்கில் சுமார் 12 சென்ட்டுக்கு மேல், பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். அப்படிப்பட்ட மனையை விற்றுத் தருவதும் தரகருக்குத் தடை. பதிவு எண் இல்லாத லேஅவுட்டுக்கு ரீல் போடுவதானால் எதையும் அளக்கத் தேவையில்லை, முதலில் அந்த ரீலை எடுத்துவிடுங்கள்.

ஆடியும் பங்குனி உத்திரமும்

ஜூலையோடு ஆகஸ்டை, ஆகஸ்டோடு செப்டம்பரை ஒப்பிடும் வழக்கம் இங்கே உதவாது. ஆடியில் விசாரிப்பார்கள், பார்ப்பார்கள், ஆனால் பலரும் டோக்கன் கொடுக்க ஆவணி பிறக்கக் காத்திருப்பார்கள். மார்கழியும் தையும் அப்படியே. ஆடியில் ஓட்டிய விளம்பரத்தை ஆடி முடிவிலேயே எடை போட்டால் தோற்றதாகத் தெரியும், ஆவணியில் ஓட்டிய சாதாரண விளம்பரம் பெரிதாக ஜெயித்ததாகத் தெரியும். இதற்கு வழி எளிது. பத்திரம் எந்த மாதம் முடிந்தாலும், அந்தப் பார்ட்டி முதலில் விசாரித்த மாதத்தின் கணக்கில் எழுதுங்கள். மேலே காட்டிய ஷார்ஜா வரியில் பத்திரம் செப்டம்பரில் முடிந்தது, ஆனால் அது ஜூலைக் கணக்கில்தான் சேரும்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். வந்த கையோடு இடமும் பார்ப்பார்கள். அம்மன் கோயில் கொடையிலும், பொங்கல், கிறிஸ்துமஸ், மே விடுமுறையிலும் இப்படித்தான். அந்த நாட்களில் அலுவலகத்தில் கூட்டம் சேர்ந்தால் அந்த வாரம் போட்ட ரீலுக்குப் பெருமை சேர்த்துவிடாதீர்கள். அவர்களில் பலர் இரண்டு மாதம் முன்பே வீடியோவைப் பார்த்துச் சேவ் செய்து வைத்தவர்கள். ‘எப்ப பார்த்தீங்க?’ என்று கேட்டு அந்தப் பழைய கோடு எண்ணின் கணக்கில் எழுதுங்கள். பங்குனி உத்திரத்துக்கான வீடியோவை மாசியிலேயே போட வேண்டும் என்பது இந்தக் கட்டத்தை நிரப்பத் தொடங்கினால் தானே தெரியும்.

மாதம் பதினைந்து பேர் இடம் பார்க்க வரும் அலுவலகத்தில், ஒரு மாதம் இரண்டு பத்திரம், அடுத்த மாதம் மூன்று என்பது வளர்ச்சி என்று சொல்ல முடியாத அளவு சின்ன வித்தியாசம். மூன்று மாதத்தைச் சேர்த்துப் பார்த்தபின் தளத்தை மாற்றுங்கள், செலவைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள்.

யூடியூபின் நீண்ட வீடியோக்கள் மட்டும் இந்த மூன்று மாதக் கணக்குக்குள் அடங்காது. தேடலில் வருபவர்கள் ஒரு வருடம் கழித்தும் அந்த வீடியோவைப் பார்த்துக் கூப்பிடுவார்கள், மனை எப்போதோ கைமாறியிருக்கும். வீடியோவை அழிக்க வேண்டாம். தலைப்பின் முன்னால் ‘விற்பனை முடிந்தது’ என்று சேர்த்து, முதல் கமெண்டாகப் பக்கத்திலேயே இருக்கும் புதிய இடத்தின் லிங்க்கையும் கோடு எண்ணையும் பின் செய்து வையுங்கள். விற்ற இடத்துக்கு வரும் அழைப்புகளைத் தனித் தாளில் எழுதுங்கள்: எந்தப் பகுதி, எத்தனை சென்ட், என்ன விலைக்குள். அடுத்து எந்த இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது அந்தத் தாளில் இருக்கும்.