அடைத்த ஸ்குவாஷ்: மேலே சிவந்துவிட்டால் உள்ளே வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை

ஏர் ஃப்ரையரில் அடைத்த ஸ்குவாஷ் (பூசணிக் குடும்பத்துக் காயைக் குடைந்து பூரணம் நிரப்பிச் செய்வது) செய்பவர்கள் எங்களிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். மேலே சீஸ் கருகத் தொடங்கிவிடுகிறது, ஆனால் கரண்டியை இறக்கினால் காய் நறுக்கென்கிறது, நடுவில் பூரணம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. காய் வேகாமல் போனால் ருசிதான் கெடும். பூரணத்தில் கொத்துக்கறியோ முட்டையோ இருந்து, அது வெதுவெதுப்பிலேயே நின்றுவிட்டால் வயிறும் சேர்ந்து கெடும். இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை, ஒரே முறையில் தவிர்க்கக்கூடியவை.

ஏர் ஃப்ரையரில் வெப்பச்சுருள் மேலே இருக்கிறது, அதை ஒட்டியே விசிறி. சூடான காற்று வேகமாகச் சுற்றி, உணவின் மேற்பரப்பு ஈரத்தை விரைவாக உறிஞ்சி எடுக்கிறது. மெல்லிய துண்டுகள் மொறுமொறுவென்று வருவது இதனால்தான். அடைத்த ஸ்குவாஷோ மெல்லிய துண்டு அல்ல. நீர் நிறைந்த கெட்டியான சதை, அதற்குள் இன்னொரு கெட்டியான கலவை. வெளியே காற்று 190 டிகிரி செல்சியஸில் இருந்தாலும், ஈரம் இருக்கும்வரை உள்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. அந்த அளவுக்கு வரவே நேரம் பிடிக்கும். காயின் சதை மிருதுவாக அது ஏறத்தாழ 85 டிகிரிக்கு மேல் சிறிது நேரம் நிற்க வேண்டும். அதற்குக் கீழே செல்சுவர்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் எளிதில் இளகாது. பூரணத்தின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். பச்சையாக அடைத்து வைத்தால் இந்த இரண்டும் நடப்பதற்குள், வெப்பச்சுருளுக்கு மிக அருகில் இருக்கும் மேல்பரப்பு கரிந்துவிடும். எனவே ஓடு எனப்படும் குடைந்த காயைத் தனியாக வேகவையுங்கள், பூரணத்தைத் தனியாக அடுப்பில் முடித்துவிடுங்கள், பிறகு சூடாகவே சேருங்கள். இதைச் சுற்றுவழி என்று நினைக்க வேண்டாம். மொத்த நேரம் இதில்தான் குறைவு.

முதலில் ஒரு துண்டு நாக்கில்

எந்த ஸ்குவாஷாக இருந்தாலும் வெட்டியவுடன் சதையிலிருந்து சுண்டுவிரல் நுனி அளவு கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள், விழுங்காமல் துப்பிவிடுங்கள். கசந்தால் முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். கசப்பான பக்கத்தை மட்டும் வெட்டி எறிவதோ, உப்பு நீரில் ஊறவைப்பதோ பயன் தராது.

ஸ்குவாஷ் வகைகளான சுக்கினி, ஏகார்ன், பட்டர்நட் எல்லாம் பூசணிக் குடும்பத்துக் காய்கள். இந்தக் குடும்பத்தின் காட்டு வகைகளில் குகுர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு இயல்பாகவே உண்டு. பயிர்செய்யும் வகைகளில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அதை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் பக்கத்தில் அலங்காரப் பூசணி வளர்ந்து, மகரந்தம் கலந்து, அந்தக் காயின் விதையை எடுத்து வைத்து மறுபருவம் விதைத்தால் கசப்பு திரும்பி வரலாம். கடும் வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும்கூடச் செடியில் இதைக் கூட்டும். வேகவைத்தாலும் பொரித்தாலும் இந்த நச்சு அழியாது. 2015-இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் உயிரிழந்தார்.

அடைத்துச் சமைக்கும்போது இந்தச் சோதனை கூடுதலாக அவசியம். மிளகு, பூண்டு, தக்காளி, சீஸ் எல்லாம் சேர்ந்து கசப்பை மூடிவிடும், அரைக் காய் உள்ளே போன பிறகுதான் தெரியும். கசப்பான ஸ்குவாஷ் சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மீதமிருக்கும் துண்டையும் எடுத்துச் செல்லுங்கள். அலங்காரத்துக்கென்று விற்கும் சின்னப் பூசணிகளை எக்காரணம் கொண்டும் சமைக்காதீர்கள்.

வெட்டுவது

ஏகார்னும் பட்டர்நட்டும் வழுக்கும், உருளும். இந்த உணவில் ஏற்படும் காயங்கள் பெரும்பாலும் இங்கேதான். பலகையின் அடியில் ஈரத்துணி விரித்துக்கொள்ளுங்கள். தோலில் ஏழெட்டு இடங்களில் கத்தி நுனியால் குத்திவிட்டு, மைக்ரோவேவில் 2 முதல் 3 நிமிடம் வைத்தெடுத்தால் தோல் இளகிக் கத்தி இறங்கும். குத்தாமல் வைத்தால் உள்ளே நீராவி சேர்ந்து காய் வெடிக்கக்கூடும். காம்பை நேராக வெட்டிப் பிளக்கப் பார்க்காதீர்கள். காம்புக்குப் பக்கத்தில் கத்தியை இறக்கி அடிவரை கொண்டுபோங்கள், பிறகு கையால் பிரித்தாலே பிளந்துவிடும். பட்டர்நட்டின் தோலைச் சீவும்போது சிலருக்குக் கைத்தோல் இறுகி உரியும், அவர்கள் கையுறை போட்டுக்கொள்ளலாம். அடைத்துச் செய்யும்போது தோலைச் சீவ வேண்டிய தேவையே இல்லை.

வாங்கும்போதே அளவு பாருங்கள். பாதிக் காயை மல்லாக்க வைத்து, பூரணத்தைக் குவித்த பிறகும் அது கூடையின் மேல்விளிம்பைத் தாண்டக்கூடாது. சராசரிக் கூடைக்கு 600 முதல் 700 கிராம் எடையுள்ள ஏகார்ன் ஒன்று, இரண்டு பாதிகளாகச் சரியாக இருக்கும். ஒரு கிலோவைத் தாண்டியதை வாங்கினால் மேல்பகுதி வெப்பச்சுருளை உரசுகிற நிலைக்கு வந்துவிடும்.

ஓடு வேகும் நேரம்

கூடையை 3 நிமிடம் முன்சூடு செய்யுங்கள். வெட்டிய பக்கத்தில் பாதிக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு போதும். முதலில் குப்புறக் கவிழ்த்து வைக்க வேண்டும். தோல் மேல்பக்கம் இருந்து சூட்டை வாங்கிக்கொள்ளும், விதையை எடுத்த குழிக்குள் நீராவி தேங்கிச் சதையை வேகவைக்கும். மல்லாக்க வைத்தால் விளிம்பு காய்ந்து தோல்போல ஆகிவிடும், அடிச்சதையோ பச்சையாகவே இருக்கும்.

ஏகார்னுக்கு 190 டிகிரியில் குப்புற 15 நிமிடம், மல்லாக்கத் திருப்பி 5 முதல் 8 நிமிடம். டெலிகாட்டா என்ற வகை மெல்லியது, தோலையும் சாப்பிடலாம், 12 முதல் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். பட்டர்நட்டில் குழி அடியில் மட்டும்தான் இருக்கிறது, கழுத்து முழுக்கக் கெட்டிச் சதை. கழுத்திலிருந்தும் கொஞ்சம் குடைந்தெடுத்து வாய்க்கால்போல ஆக்கினால்தான் சமமாக வேகும். இல்லாவிட்டால் 35 நிமிடம் ஆனாலும் கழுத்து பிடிவாதமாக நிற்கும். சுக்கினிக்கு வேறு கணக்கு. அதில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். நடுவைச் சுரண்டி 6 முதல் 8 மில்லிமீட்டர் சுவர் விட்டு, உள்ளே உப்புத் தூவி 15 நிமிடம் கழித்து ஊறிய நீரைத் துடைத்துவிட்டு, 180 டிகிரியில் 5 நிமிடம் மட்டும் வைத்தால் போதும். அதற்கு மேல் போனால் பூரணத்தைத் தாங்காமல் குழைந்து சரிந்துவிடும்.

இந்த நேரங்கள் எல்லாம் ஒரு தொடக்கம்தான். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் வேகம் மாறும், முதல் முறை 5 நிமிடம் முன்னதாகவே திறந்து பாருங்கள். காட்சிப்பலகையில் இருப்பது செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்பதையும் பாருங்கள். ஃபாரன்ஹீட் இயந்திரத்தில் 180 என்று வைத்தால் அது 82 டிகிரி செல்சியஸ்தான், காய் அரை மணி நேரம் இருந்தாலும் வேகாது. 190 டிகிரி செல்சியஸுக்கு நிகர் 375 ஃபாரன்ஹீட்.

வெந்ததா என்று பார்க்கக் குழியின் அடியில் குத்தாதீர்கள், அங்கே சதை மெல்லியது, எப்போதும் முதலில் வெந்துவிடும். காம்புப் பக்கத்துத் தடித்த தோளில் மெல்லிய கம்பியை இறக்குங்கள். தடையில்லாமல் தோல்வரை போக வேண்டும், தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரக்கூடாது. திருப்பி வைத்த பாதியின் குழிக்குள் பார்த்தால் ஒன்றிரண்டு டீஸ்பூன் மஞ்சள் நீர் தேங்கியிருக்கும். அதை அப்படியே விட்டுப் பூரணத்தை வைத்தால் அடிப்பகுதி கூழாகிவிடும். சாய்த்து ஊற்றிவிடுங்கள். இனிப்பான வகையாக இருந்தால் அந்த நீரைப் பூரணம் வதங்கும் வாணலியில் சேர்த்து வற்றவிடலாம், வீணாக்க வேண்டியதில்லை.

பூரணம் அடுப்பில் முடிய வேண்டும்

ஏகார்னின் ஒரு பாதிக்கு 120 முதல் 150 கிராம் பூரணம் பிடிக்கும். இரண்டு பாதிகளுக்கு 150 கிராம் கொத்துக்கறி, சின்ன வெங்காயமாக இல்லாமல் ஒரு நடுத்தர வெங்காயம், வேகவைத்த சோறு 80 கிராம், அரை டீஸ்பூன் உப்பு, விருப்பமான மசாலா. கறியைப் பச்சையாக அடைத்தால் அது விடும் கொழுப்பும் நீரும் குழிக்குள்ளேயே தேங்கும், நடுப்பகுதி கடைசியாகத்தான் சூடேறும். வாணலியில் நிறம் மாறி நீர் வற்றும்வரை வதக்குங்கள். கறி இல்லாமல் செய்வதானால் 200 கிராம் காளானைப் பொடியாக நறுக்கி, அது நீர்விட்டு, அந்த நீரும் வற்றி, பாதியளவாகச் சுருங்கும்வரை வதக்கி, வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராம் சேருங்கள்.

பச்சை அரிசியை அடைத்தால் காயின் ஈரத்திலேயே வெந்துவிடும் என்று சில குறிப்புகளில் காண்கிறோம். ஏர் ஃப்ரையரில் அது நடக்காது, அந்தக் காற்று ஈரத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. சிவப்பு ராஜ்மாவையும் நன்கு கொதிக்கவைத்து வேகவைத்த பிறகே சேர்க்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்ற நச்சுப்புரதம் கடும் வாந்தியை உண்டாக்கும். மீந்த சோற்றைப் பயன்படுத்துவதானால், வடித்தவுடன் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்த சோறாக இருக்கட்டும். அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உருவாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

பூரணம் சூடாக இருக்கும்போதே அடையுங்கள். அழுத்தித் திணிக்க வேண்டாம், லேசாகத் தட்டிவிட்டால் போதும். 175 முதல் 180 டிகிரியில் 8 நிமிடம். சுக்கினிக்கு 7 நிமிடம் போதும். சீஸ் கடைசி 3 நிமிடத்தில்தான், அதுவும் பூரணத்தின் மேல் அழுத்தி ஒட்டவைத்து. உதிரியாகத் தூவிய சீஸும் உலர்ந்த பிரெட் தூளும் கீரை இலைகளும் விசிறிக் காற்றில் எழும்பி வெப்பச்சுருளில் ஒட்டிக் கருகும். பிரெட் தூளை ஒரு டீஸ்பூன் எண்ணெயில் பிசறிப் போட்டால் நிற்கும், நிறமும் சீராக வரும். பூரணம் முன்பே செய்து ஃப்ரிட்ஜில் இருந்ததென்றால் கூடுதலாக 5 முதல் 6 நிமிடம் வையுங்கள், மேலே ஃபாயிலைப் போர்த்தி ஓரங்களைக் காயின் விளிம்பில் மடித்து அழுத்திவிடுங்கள்.

கறியோ முட்டையோ இருந்தால் உணவு தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முனையைப் பூரணத்தின் நடுவில், ஓட்டின் அடியைத் தொடாமல் நிறுத்துங்கள். 74 காட்ட வேண்டும். மேலே ஆவி பறப்பதும் சீஸ் கொதிப்பதும் நடுப்பகுதியைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏர் ஃப்ரையரில் செய்ததாலேயே உணவு இலகுவாகிவிடாது. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சுமார் 40 கலோரி, 30 கிராம் செடார் சீஸில் சுமார் 120 கலோரி. எடையைக் கவனிப்பவர்கள் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணிவிட்டுச் சீஸைக் கைப்பிடியால் அளக்கிறார்கள்.

பேப்பர், ஃபாயில், ஸ்ப்ரே

பட்டர் பேப்பரை முன்சூட்டின்போது வெறுமனே போடாதீர்கள். மேலே எடை இல்லாததால் பறந்து வெப்பச்சுருளில் பட்டுத் தீப்பிடிக்கும். காயை வைக்கும்போது அதன் அடியில் போடுங்கள், ஓரம் காயைவிட அதிகம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கூடையின் துளைகளை முழுக்க மூடினால் காற்று கீழே போகாது, அடி வேகாது. தக்காளி, எலுமிச்சை சேர்ந்த பூரணத்தின் மேல் ஃபாயில் நேரடியாகப் படக்கூடாது, புளிப்பில் அலுமினியம் கரையும். டப்பாவில் வரும் எண்ணெய் ஸ்ப்ரேக்களில் உள்ள லெசித்தின் என்ற கொழுப்புப்பொருள் நாளடைவில் நான்ஸ்டிக் பூச்சில் பிசினாகப் படிந்து, சுரண்டத் தூண்டும். சுரண்டினால் பூச்சு போய்விடும். எண்ணெயைத் தூரிகையால் தடவுவதே நல்லது.

கொழுப்புள்ள பூரணத்தில் வெள்ளைப் புகை வந்தால் சொட்டிய கொழுப்பு அடியில் காய்கிறது என்று பொருள். கூடைக்குக் கீழேயுள்ள தட்டில் ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டால் அடங்கும். கறுப்புப் புகை வந்தால் அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள், புகை தணியும்வரை கூடையை இழுக்காதீர்கள்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். அடைத்த காய் முழுசாக ஆறுவதற்கு வெகுநேரம் எடுக்கும், எனவே பூரணத்தைக் கரண்டியால் வழித்துத் தட்டையான பாத்திரத்தில் பரப்பி, ஓட்டைத் தனியாக வையுங்கள். மூன்று, நான்கு நாட்களுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மறுபடி சூடாக்கும்போது பூரணத்தை வாணலியில் 74 டிகிரிவரை சூடாக்கி, ஓட்டை ஏர் ஃப்ரையரில் 160 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சுக்கினி மட்டும் இரண்டாவது சூட்டைத் தாங்காது, அதன் ஓட்டைப் பொடியாக நறுக்கிப் பூரணத்தோடு கிளறிவிடுங்கள்.