கீழ்த்தட்டுக்கு எம்.ஓ.பி வேண்டுமா, வேண்டாமா?

இலங்கையில், நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில் மாமாவுக்கு அரை ஏக்கர் மரக்கறிக் காணி. முழுக்கச் சரிவு. மேலே கால் ஏக்கர், கீழே கால் ஏக்கர் என்று தட்டு வெட்டி, உருளைக்கிழங்கு நடும்போதெல்லாம் இரண்டுக்கும் ஒரே கணக்கில் எம்.ஓ.பி (மியூரியேற் ஒஃப் பொட்டாஷ், பொற்றாசியம் தரும் இரசாயனப் பசளை) போடுவார். கேட்டால், "எங்க அப்பா காலத்துல இருந்து இப்படித்தான் தம்பி, போட்டாத்தான் கிழங்கு பருக்கும்" என்பார். 2021-இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள், தடை போனபிறகு விலை எகிறியது, ஒரு மூட்டை வாங்கவே யோசிக்க வேண்டி வந்தது. அப்புறம்தான் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுப்போம் என்று ஒத்துக்கொண்டார்.

முடிவு வந்தது: மேல்தட்டில் ஒரு கிலோ மண்ணுக்கு 70 மில்லிகிராம் பொற்றாசியம், கீழ்த்தட்டில் 310.

மாமா உடனே கணக்குப் போட்டார். ஒரு ஹெக்டேயரில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஏறத்தாழ 20 இலட்சம் கிலோ மண் இருக்கிறது, அப்படியென்றால் 70 என்பது ஹெக்டேயருக்கு 140 கிலோ. ஒரு தொன் கிழங்கு மண்ணிலிருந்து நான்கைந்து கிலோ பொற்றாசியத்தைத்தான் கொண்டுபோகிறது, அப்படியிருக்க மேல்தட்டுக்கும் எதற்குப் பசளை என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் நிறையப் பேர் தவறுவது இங்கேதான்.

மண்ணிலுள்ள பொற்றாசியத்தில் மிகப் பெரும்பகுதி கல்லுக்குள்ளும் கனிமத்துக்குள்ளும் பூட்டிக் கிடக்கிறது. கொஞ்சம் களித்துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும், அதைவிடக் கொஞ்சம் மண்ணீரில் கரைந்திருக்கும். களியின் மேற்பரப்பு மறை ஏற்றம் கொண்டது, பொற்றாசிய அயன் நேர் ஏற்றம் கொண்டது, அதனால் பிடித்துக்கொள்கிறது. ஆய்வுகூடத்தில் மண்ணில் அமோனியம் அசற்றேற்றுக் கரைசலை ஊற்றிக் குலுக்குவார்கள். அமோனியம் அயன் பருமனில் கிட்டத்தட்டப் பொற்றாசியம் அளவே இருப்பதால் அதன் இடத்தில் போய் உட்கார்ந்து அதைத் தள்ளிவிடும். வடித்த நீரைச் சுவாலையில் தெளித்தால் பொற்றாசியம் இளம் ஊதா நிறத்தில் ஒளிரும், அந்த ஒளியின் அளவிலிருந்து எண் கிடைக்கும்.

ஆனால் வேருக்கு அந்தக் கரைசலைப்போல எல்லா மண்ணையும் கழுவி எடுக்க முடியாது. அது தொடுவது மண்ணில் சிறு பங்கைத்தான், பொற்றாசியமோ மண்ணீரில் சில மில்லிமீற்றர்தான் நகரும். ஆகவே 70 என்பது எடுத்துச் செலவழிக்கும் கையிருப்பு இல்லை, பசளை போட்டால் பயிர் கேட்குமா கேட்காதா என்பதற்கான அறிகுறி. அந்த அறிகுறிக்கு அர்த்தம் கொடுப்பது வயல் பரிசோதனைதான்: ஒரே மாதிரி மண்களில் படிப்படியாகப் பொட்டாஷ் போட்டு, எந்த எண்ணுக்கு மேல் விளைச்சல் கூடவில்லை என்று பார்ப்பார்கள். மண்ணையும் பயிரையும் பொறுத்து அது மாறும், பெரும்பாலும் 100-க்கும் 200-க்கும் இடையில் வரும். 70 அதற்குக் கீழே, 310 வெகு மேலே.

ஒரே காணியில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? மலைநாட்டுச் செம்மஞ்சள் மண்ணிலுள்ள களி பெரும்பாலும் கயோலினைற்று வகை, பொற்றாசியத்தைப் பிடிக்கும் திறன் குறைவு, அதனால் மழை கழுவிக்கொண்டு போகிறது. அதோடு கோழி எரு லொறி இறக்குவது கீழ் ரோட்டில். மேலே சுமந்து ஏற்றுவது கஷ்டம் என்பதால் பாதிக்கு மேல் கீழ்த்தட்டுக்கே போயிருக்கிறது. அந்த எருவிலும் பொற்றாசியம் உண்டு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாதிரி எடுப்பதில் நான் ஒரு தப்புச் செய்தேன். முதல் தடவை எருக்குவியல் கிடந்த ஓரத்திலும் ஒரு பிடி அள்ளிவிட்டேன், பேசினில் கலக்கும்போது கறுப்பாக, கோழியிறகு ஒட்டிய கட்டிகள் தெரிந்தன. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்ப எடுத்தோம். தட்டுக்குத் தட்டு தனியாக, வளைந்து வளைந்து பத்துப் பதினைந்து இடத்தில், குப்பையை ஒதுக்கி, 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஆங்கில V வடிவில் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரு சீவல். கலந்து, நான்காகப் பிரித்து, அரைக் கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். பசளை போட்ட கையோடு எடுக்கவே கூடாது.

இன்னொன்று, அறிக்கையில் சிபாரிசு K (தனிப் பொற்றாசியம்) என்றா K₂O (பொற்றாசியம் ஒட்சைட்டு) என்றா இருக்கிறது என்று பாருங்கள். எம்.ஓ.பியில் 60 வீதம் K₂O. 50 கிலோ K₂O கேட்டால் 83 கிலோ எம்.ஓ.பி, 50 கிலோ K கேட்டால் 100 கிலோ.

விவசாயப் போதனாசிரியர் மேல்தட்டுக்கு முழு அளவும் போடச் சொன்னார். மழை கழுவிவிடாதபடி பாதியை நடும்போதும், மீதியை மண் அணைக்கும்போதும் போட்டோம். கீழ்த்தட்டுக்கு இந்தப் போகம் ஒன்றுமில்லை. பொற்றாசியம் மிஞ்சினால் செடி மகனீசியம் எடுப்பது குறையும், அடியிலைகளில் நரம்பு பச்சையாக நிற்க இடையில் மஞ்சள் ஓடும். அங்கே முன்பு பார்த்த மஞ்சளுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

மாமா இன்னும் முழுதாக நம்பவில்லை. கீழ்த்தட்டில் ஒரே ஒரு பாத்திக்கு மட்டும் பழைய கணக்கில் எம்.ஓ.பி போட்டு, மூலையில் தடி நட்டு வைத்திருக்கிறார். கிழங்கு கிண்டும்போது அதைத் தனியாக நிறுக்கப்போகிறோம்.