அகல் சுடுவதற்கு முன் அந்த விறகைக் கொஞ்சம் காட்டுங்கள்

கார்த்திகை நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் மண்பாண்டப் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான். "கரண்ட் சூளை இல்லாமல் வீட்டிலேயே அகல் சுடலாமா அக்கா?" தாராளமாகச் சுடலாம். லோட் ஷெடிங்கில், அதாவது முறைவைத்துக் கரண்ட் நிறுத்தும்போது, என் சூளை பாதிச் சூட்டில் அணைந்த நாட்களில் நானே மரத்தூள் சூளைக்குத்தான் போனேன். செங்கல்லைச் சுற்றி அடுக்கி, அகல்களுக்கு நடுவில் மரத்தூளைத் திணித்து, மேலே பற்றவைத்து மூடிவிட்டால் ராத்திரி முழுக்கக் கனன்றுகொண்டே கீழே இறங்கும். துகேலா பள்ளத்தாக்கின் நெஸ்டா நாலா போன்ற, பானை வனையும் ஜூலு பெண்கள்கூடத் தங்கள் பானைகளைத் திறந்த வெளியில் சுட்டு, பிறகு புகையூட்டித்தான் அவற்றுக்குக் கருப்பு நிறத்தைக் கொண்டுவந்தார்கள்.

எனக்குக் கவலை நெருப்பைப் பற்றி இல்லை, அதில் போடுவதைப் பற்றித்தான். போன வருஷம் ஒரு தம்பி பழைய வேலிக் கட்டைகளைக் கட்டித் தூக்கிவந்தான், "பைன்தான் அக்கா, நல்லா காய்ஞ்சிருக்கு" என்று. ஒன்றை அறுத்துக் காட்டினேன்: ஓரமெல்லாம் வெளிர் பச்சை, நடுவில் மட்டும் மரத்தின் நிறம். கரையான் அரிக்காமல் இருக்க ஏற்றிய மருந்து அது, செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்தது. எரித்தால் ஆர்சனிக் என்ற விஷம் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைத்தானே நாம் கறிவேப்பிலைச் செடிக்குப் போடுகிறோம்! வெயிலில் கிடந்த கட்டை சாம்பல் நிறமாகி பச்சை தெரியாமலும் போகும், அதனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத மரம் வேண்டவே வேண்டாம். பிளைவுட் போன்ற பசை கலந்த பலகைகளை அறுத்த தூளும் வேண்டாம்.

மூடிக்கு வீட்டின் பழைய கூரைத் தகட்டை எடுக்காதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸை இங்கே 2008இல் தடை செய்தார்கள், ஆனால் பழைய கூரைகள் இன்னும் நம் தலைக்கு மேல்தான் இருக்கின்றன, சூட்டில் அது வெடித்துச் சிதறும். துத்தநாகம் பூசிய டிரம்மும் ஆகாது, அந்தப் புகையை இழுத்தால் அன்றைக்கு ராத்திரியே குளிர்க்காய்ச்சல் வரலாம். மழை என்று சூளையைக் கராஜுக்குள் நகர்த்துவதும் கூடாது, எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

சரி, அடுக்குவதற்கு முன் ஒரு அகலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, அது ஆவியாகி அகலை உடைத்துவிடும், இன்னும் இரண்டு நாள் காயட்டும்.

சுட்ட பிறகு, புது அகலைத் தண்ணீரில் ஊறவைப்போமே, அதே மாதிரி முதலில் ஒன்றை மட்டும் ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் விரலில் சேறு ஒட்டினால் சூடு போதவில்லை, மீதியை மறுபடி சூளையில் அடுக்குங்கள்.