பிரிதிறன்: ரெசல்யூஷனுக்கு உரிய சொல்

‘இப்படத்தின் இடஞ்சார்ந்த தீர்மானம் குறைவாக உள்ளது.’ பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் படச் செயலாக்கம் படிக்கும் மாணவர்களிடையே சுற்றும் தமிழ்க் குறிப்புகளில் இப்படியெல்லாம் வருகிறது. படம் எப்போது சட்டமன்றத்தைக் கூட்டித் தீர்மானம் போட்டது? ‘ரெசல்யூஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எந்திரம் துப்பியதை ஒருவர் ஒரே ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் இது அச்சேறியிருக்காது. போகட்டும், சுட்டிக்காட்டினால் சிரித்துக்கொண்டே திருத்திவிடுவார்கள். என் சண்டை, ‘சரியான தமிழ்’ என்று அந்த இடத்தில் கொண்டுவந்து உட்காரவைக்கும் ‘தெளிவுத்திறன்’ என்ற சொல்லோடுதான்.

ரெசல்யூஷனுக்கு வேர், அவிழ்த்தல், தளர்த்தல் என்று பொருள்படும் லத்தீன் வினை. சிக்கலை அவிழ்த்து முடிவுக்கு வந்தால் மன்றத் தீர்மானம்; ஒட்டிக்கிடப்பதாகத் தெரியும் இரண்டை இரண்டாகப் பிரித்துக் காட்டினால் ஒளியியலின் ரெசல்யூஷன். எவ்வளவு நெருங்கியிருந்தால் இரண்டு ஒளிப்புள்ளிகளை இன்னும் இரண்டென்று சொல்லலாம் என்பதற்கு 1879இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே ஒரு வரம்பு வகுத்தார். நம் பள்ளி இயற்பியல் நூல்கள் இதைப் பிரிதிறன் என்கின்றன. பிரி, திறன். அழகான வினைத்தொகை. புதிதாக எதையும் வார்க்க வேண்டிய தேவையே இல்லை.

கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்கிறார்களே, அது பிரிதிறன் சோதனையேதான். வசிட்டருக்கும் அருந்ததிக்கும் வானில் இடைவெளி கிட்டத்தட்ட ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு. நல்ல கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குவரை பிரித்துவிடும், ஆகவே இருவரும் தனித்தனியே தெரிகிறார்கள். (நண்பகல் முகூர்த்தத்தில் மாப்பிள்ளை எதைப் பார்க்கிறார் என்று கேட்காதீர்கள்.) ஆனால் அந்த வசிட்டரே இரட்டை விண்மீன். வெறுங்கண்ணால் அந்த இரண்டைப் பிரிக்க முடியாது. சிறு தொலைநோக்கி பிரித்துவிடும். வெறுங்கண்ணுக்கு வசிட்டர் தெளிவாகத்தான் மின்னுகிறார். தெளிவுக்கு ஒரு குறையும் இல்லை, பிரிப்புக்குத்தான் குறை.

ஆய்வகக் கணினியில் 512×512 படம் ஒன்றை எடுத்து மங்கலாக்கும் வடிப்பானில் போட்டுப் பாருங்கள். 2,62,144 படப்புள்ளிகளும் (பிக்சல்கள்) அப்படியே இருக்கும், முகம் மட்டும் பனிக்குள் போய்விடும். இப்போது ‘தெளிவுத்திறன் 512×512, ஆனால் படம் தெளிவில்லை’ என்று எழுத வேண்டும். கோடுபோட்ட சட்டைக்காரர் ஒருவரின் படத்தை 64×64 ஆகச் சுருக்கி, புள்ளிகளை அப்படியே திரும்ப எழுதி மறுபடி 512க்கு விரியுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பும் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருக்கும். சட்டைக்கோடுகள்தாம் காணாமல் போயிருக்கும்: இரண்டு கோடு ஒரு கட்டத்துக்குள் விழுந்து ஒன்றாகிவிட்டன. போனது தெளிவா, பிரிவா?

இன்னொரு தொல்லை அடுத்த பாடத்திலேயே காத்திருக்கிறது. மங்கலை நீக்கி விளிம்புகளைத் துலக்குவதற்குத்தான் தெளிவாக்கல், கூர்மையாக்கல் என்ற சொற்கள் வேண்டும். தெளிவை முன்பே செலவழித்துவிட்டால், ‘தெளிவுத்திறன் மாறாமல் தெளிவு கூட்டுக’ என்று வினாத்தாள் கேட்கும். மாணவர் பாவம்.

செயற்கைக்கோள் படத்துக்கு வந்தால் தெளிவுத்திறன் முழுதாகவே கவிழ்ந்துவிடுகிறது. அங்கே ரெசல்யூஷன் நான்கு வகை. லேண்ட்சாட் 8 தரும் பெரும்பாலான அலைநீளப் பட்டைகளில் ஒரு படப்புள்ளி தரையில் 30 மீட்டர். அது இடப் பிரிதிறன். அதே இடத்தின் மேல் 16 நாளுக்கு ஒருமுறை திரும்புகிறது. அது காலப் பிரிதிறன். ஒளிச்செறிவை 12 பிட்டில், அதாவது 4096 படிகளாகப் பிரிக்கிறது. அது செறிவுப் பிரிதிறன். நிறமாலையை எத்தனை நுண்பட்டைகளாகப் பிரிக்கிறது என்பது நிறமாலைப் பிரிதிறன். நான்கிலும் நடப்பது பிரித்தல்தான். ‘காலத் தெளிவுத்திறன் 16 நாள்’ என்று சொல்லிப் பாருங்கள், என்ன புரிகிறது?

‘பொதுமக்களுக்குத் தெளிவுத்திறன்தான் புரியும்’ என்பார்கள். புரிகிறது என்பதுதான் சிக்கலே, தவறாகப் புரிகிறது. மெகாபிக்சல் கூடினால் படம் தெளியும் என்று நம்பிக் கைபேசி வாங்குபவருக்கு இந்தச் சொல் அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தித் தருகிறது. லென்ஸில் எண்ணெய்ப்பசை படிந்திருந்தால் 108 மெகாபிக்சலும் பனிமூட்டம்தான்.

கைபேசி அமைப்புகளில் இந்தச் சொல் எப்படிப் புகுந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. மென்பொருளை மொழிபெயர்ப்பவருக்கு வருவது சொற்பட்டியல். எந்தத் திரையில், எந்தப் பொத்தானின் மேல் வரும் என்பதுகூடப் பலசமயம் அவருக்குத் தெரியாது. அவரை விட்டுவிடலாம். அதைப் பார்த்துப் பாடநூல் எழுதுகிறார்களே, பொருளறிந்தவர்கள், அவர்களுக்கு என்ன வந்தது? படச் செயலாக்கத்துக்கு எழுத உட்காருபவர் ஒளியியல் பாடத்தைத் திறந்தாலே போதும், சொல் அங்கேயே கிடக்கிறது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். திரை 1920×1080 என்னும்போது அது வெறும் எண்ணிக்கை. அங்கே ஆங்கிலமே ரெசல்யூஷனைத் தளர்வாகத்தான் பயன்படுத்துகிறது. அந்தத் தளர்வை நாம் கடன்வாங்க வேண்டியதில்லை. அதைப் படப்புள்ளி எண்ணிக்கை என்றே எழுதலாம்.