அட்டவணை போடும் முன் இரண்டு நிமிடம்

கடலூர் மாவட்டத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபடி வரைபடம் 8 மதிப்பெண் கேள்வி. அச்சு நேராக இருக்கும், அளவுத்திட்டம் எழுதியிருக்கும். ஆனால் வளைவு எக்ஸ் அச்சை ஓரிடத்தில் வெட்டிவிட்டு, இன்னொரு பக்கம் அந்தரத்தில் நின்றுவிடும். கேட்டால், 'அட்டவணையில் எக்ஸ் மதிப்பை எப்போதும் −4 முதல் 4 வரைதானே போடுவோம்' என்பார்கள். சிக்கலே அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் − 5 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ் −4 என்றால் ஒய் 27. ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என எடுத்தாலும் அந்த ஒரு புள்ளிக்கே பதின்மூன்றரை சென்டிமீட்டர் போய்விடும். தேவையான 5 என்ற மூலமோ (ஒய் 0 ஆகும் எக்ஸ் மதிப்பு) அட்டவணையிலேயே வராது.

அதனால் முதலில் வெட்டுத்துண்டுகளை, அதாவது வளைவு அச்சுகளை வெட்டும் இடங்களைப் பாருங்கள். எக்ஸுக்கு 0 போட்டால் ஒய் −5. ஒய் அச்சை வளைவு வெட்டுவது (0, −5) என்ற அந்த ஒரே புள்ளியில்தான். அடுத்து ஒய்க்கு 0. பெருக்கினால் −5, கூட்டினால் −4 வரும் எண்கள் −5, 1. ஆக (எக்ஸ் − 5)(எக்ஸ் + 1) = 0; மூலங்கள் 5, −1. காரணியில் உள்ள குறியை அப்படியே எடுத்து −5, 1 என்று எழுதிவிடுபவர்கள் ஏராளம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 4 வர வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் எக்ஸ் = 2. அதுதான் சமச்சீர் அச்சு, அதாவது வளைவை இரு சமபாதியாகப் பிரிக்கும் கோடு. அங்கே ஒய் −9. இனி அட்டவணை −2 முதல் 6 வரை போதும்: 7, 0, −5, −8, −9, −8, −5, 0, 7. இருபுறமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே பிழை அகப்பட்டுவிடும். (−2)²ஐ −4 என்று எழுதியவருக்கு முதல் எண் 7 வராது, −1 வரும்.

புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைக்காதீர்கள். முனையில் கூர் வந்தால் அது பரவளையமே (இருபடிக் கோவை தரும் வழவழப்பான வளைவு) அல்ல.

'தீர்வுகளின் தன்மையை ஆராய்க' என்ற கேள்வியில் வளைவு அச்சைத் தொடவே இல்லையென்றால் பதற வேண்டாம். எக்ஸ்² + எக்ஸ் + 7 = 0 சமன்பாட்டின் தன்மைகாட்டி (பி² − 4ஏசி) 1 − 28 = −27. மெய் மூலங்கள் இல்லை என்பதே விடை. ஒய் அச்சை மட்டும் 7இல் வெட்டும். எக்ஸ்² − 8எக்ஸ் + 16 ஆனால் 4இல் தொட்டுவிட்டுத் திரும்பும். இரண்டு மூலங்களும் சமம்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் இப்போது சிபிஎஸ்இ. அங்கே இதே விஷயம் 'பல்லுறுப்புக் கோவையின் பூச்சியங்கள்' என்று வரும். வளைவு எக்ஸ் அச்சை எத்தனை இடத்தில் சந்திக்கிறது என்று படத்தைப் பார்த்தே எண்ணச் சொல்வார்கள். ஒய் அச்சில் வெட்டும் இடத்தையும் சேர்த்து எண்ணிவிடக் கூடாது.

மூலம் முழு எண்ணாக இல்லாவிட்டால் அட்டவணையில் 0 வராது. எக்ஸ்² − 4எக்ஸ் + 1க்கு எக்ஸ் 0 என்றால் 1, எக்ஸ் 1 என்றால் −2. குறி மாறிய அந்த இடைவெளியில்தான் வெட்டு, ஏறத்தாழ 0.27இல். மறுபக்கம் 3.73. வரைபடத்தாளில் 0.3, 3.7 என்றுதான் படிக்க முடியும். 'தோராயமாக' என்று சேர்த்து எழுதுங்கள்.