கடல் இல்லாத ஊரில் ஒரு பவளம் பிழைக்குமா?

தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கடல் கிடையாது. ஆனாலும் ஒகேனக்கல் போகிறவர்களில் பலர் பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் குழம்பு எல்லாம் முடித்துவிட்டு, அங்கிருக்கும் வண்ணமீன் காட்சியகத்தையும் முதலைப் பண்ணையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். மீனைப் பிடித்துக் கண்ணாடிக்குள் அடைப்பதால் கடலுக்கு என்ன நன்மை என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான், ஏனென்றால் காசு வாங்கிக்கொண்டு மீனைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் இடங்களால் கடலுக்கு எந்த நன்மையும் இல்லை. ஆனால் உலகின் நல்ல காட்சியகங்களில் பார்வையாளர் போக முடியாத பின்னறைகளில் நடக்கும் வேலை வேறு மாதிரியானது. அது தண்ணீரில் ஆரம்பிக்கிறது.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கடலில் அது கரைந்து காணாமல் போய்விடும், தொட்டியில் தேங்கி அதே மீனைக் கொன்றுவிடும். இதைச் சமாளிக்க நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, இயற்கை செய்வதையே ஒரு பெட்டிக்குள் செய்கிறோம். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது, அதன் தீங்கு ரொம்பக் குறைவு. ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்சும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உருண்டைகளும் அழுக்கைத் தடுக்க மட்டும் வைக்கப்படவில்லை, அந்த பாக்டீரியாக்கள் குடியிருக்கும் வீடும் அதுதான். அவை போதுமான அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். வீட்டில் புதுத் தொட்டி வாங்கிய முதல் மாதத்திலேயே மீன்கள் வரிசையாகச் சாவதற்கும், குழாய்த் தண்ணீரில் ஃபில்டரைப் பளபளவென்று கழுவிய மறுநாள் மீன்கள் மிதப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அந்த பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறது.

கடல் மீன் என்றால் வேலை இன்னும் கூடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அதுவும் சமையல் உப்பு மட்டும் இல்லை, மெக்னீசியம், கால்சியம் எல்லாம் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். கடலிலிருந்து தள்ளி இருக்கும் காட்சியகங்கள் முதலில் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டுச் சுத்தமாக்கி, அப்புறம் இந்த உப்புக் கலவையைச் சேர்க்கின்றன. ஃபுளோரைடு தண்ணீரோடு இத்தனை காலம் போராடிய நம் இரண்டு மாவட்டங்களுக்கும் ஆர்.ஓ. என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஆக, நீரைப் பராமரிக்கத் தெரிந்துவிட்டால் கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பெரிய தடை இல்லை.

இது எங்கே உதவியது என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடா பவளத்திட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பவளம் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும், சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து திட்டாக வளரும் ஒரு கடல் உயிரினம். 2014-ல் அங்கே பவளங்களின் சதையையே உரித்தெடுக்கும் ஒரு நோய் தென்பட்டு, மளமளவென்று பரவியது. நோய் வந்து சேர்வதற்கு முன்பே ஆரோக்கியமான பவளங்களைப் பெயர்த்தெடுத்து, அமெரிக்காவின் பல காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். அவற்றில் சில கொலராடோ மாதிரி கடற்கரையே இல்லாத மாநிலங்களில் இருக்கின்றன. தூண் பவளம் என்ற இனத்தின் நிலைமை இன்னும் மோசம். அதில் ஆண் திட்டு வேறு, பெண் திட்டு வேறு. பக்கத்தில் இருப்பவை செத்துவிட்டால், மிச்சம் இருப்பது உயிரோடு இருந்தும் முட்டை கருவுறாது. தொட்டியில் சேர்த்து வைத்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. பவளங்கள் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு தடவைதான், ஒரு பௌர்ணமியை ஒட்டிய சில இரவுகளில்தான், முட்டையையும் விந்தையும் நீரில் விடும். அந்த இரவு எது என்பதை மாறும் வெப்பநிலை, பகலின் நீளம், நிலா வெளிச்சம் ஆகியவற்றை வைத்து அவை உணர்கின்றன. அதனால் தொட்டிக்கு மேலே கணினி இயக்கும் எல்.இ.டி. விளக்குகளை மாட்டி, ஃப்ளோரிடாவின் ஒரு முழு வருடத்து உதயத்தையும் அஸ்தமனத்தையும் வளர்பிறை தேய்பிறையையும் அப்படியே நடத்திக் காட்டினார்கள், நீரின் சூட்டையும் மாதத்துக்கு மாதம் மாற்றினார்கள். லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகம் உருவாக்கிய இந்த முறையில் 2019 ஆகஸ்டில் டாம்பாவில் உள்ள ஃப்ளோரிடா காட்சியகத்துத் தூண் பவளங்கள் முட்டையிட்டன. ஆய்வகத்தில் அந்த இனம் முட்டையிட வைக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

சுறாவிலும் இப்படி ஒன்று நடக்கிறது. இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் தீவுகளில் ஜீப்ரா சுறா மீன்பிடிப்பால் கிட்டத்தட்ட காலியாகிவிட்டது, ஆனால் உலகின் காட்சியகங்களில் அது நன்றாகவே முட்டையிடுகிறது. அந்த முட்டைகளை விமானத்தில் அனுப்பி, அங்கேயே பொரிக்க வைத்து, கொஞ்சம் வளர்த்து, 2023 ஜனவரியில் முதல் குட்டிகளைக் கடலில் விட்டார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, விடுவதற்கு முன்பு செய்த இரண்டு காரியங்கள். அங்கே சுறாப் பிடிக்க ஏற்கெனவே தடை இருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டார்கள். முட்டை கொடுக்கும் தாய்ச் சுறாக்களின் மரபணு அந்தக் கடல் பகுதியின் சுறாக்களோடு பொருந்துகிறதா என்றும் பார்த்தார்கள்.

இரண்டாவது காரியம் ஏன் முக்கியம் என்பதை நம் காவிரியே சொல்லும். காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறு எங்கும் இல்லாத கூன்முதுகு மஹ்சீர் மீன், 2018 முதல் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அழிந்துபோகும் ஆபத்து மிக அதிகம் உள்ள இனமாக இருக்கிறது. மஹ்சீரைப் பெருக்குகிறோம் என்ற நல்ல எண்ணத்தில், குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீர் என்ற வேறு இனத்தைப் பல வருடங்கள் காவிரியில் விட்டார்கள். அது பெருகியது, சொந்த இனம் சுருங்கியது. அந்தச் சரிவுக்கு இதை ஒரு முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மீனை வளர்த்து ஆற்றில் விடுவது தன்னளவில் பாதுகாப்பு ஆகிவிடாது. ஒகேனக்கல் காட்சியகத்தில் இந்தக் கூன்முதுகு மஹ்சீரின் கதையைச் சொல்லும் ஒரு மூலையாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை, அது வாழும் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது.

காட்சியகங்கள் மீது வைக்கப்படும் நியாயமான குற்றச்சாட்டு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நன்னீர் வண்ணமீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் வண்ணமீன்களில் பெரும்பாலானவை கடலிலிருந்து பிடிக்கப்படுபவை, சில நாடுகளில் சயனைடைப் பீய்ச்சி மயங்கவைத்துப் பிடிக்கிறார்கள், அதில் பவளமும் சேர்ந்து சாகிறது. இதற்குப் பதிலாகத்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே வளர்த்துக் காட்டியிருக்கிறது. எந்தக் காட்சியகத்துக்குப் போனாலும் "இந்த மீன் பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த இடம் அநேகமாக நல்ல இடம்.

நம் பக்கம் கடைகளில் டேங்க் க்ளீனர் என்று விற்கும் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. தொட்டிக்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்ததும் பாவம் பார்த்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அது தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி, கரையைக் குடைகிறது, முள் துடுப்பால் மீனவர் வலையைக் கிழிக்கிறது. கே.ஆர்.பி. அணையிலோ ஊர் ஏரியிலோ அதை விடாதீர்கள், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள் அல்லது மீன் வளர்க்கும் வேறு யாருக்காவது கொடுங்கள். நன்னீர்த் தொட்டியில் மாற்றி எடுக்கும் தண்ணீரையும் ஓடையில் கொட்ட வேண்டாம், செடிகளுக்கு ஊற்றலாம், அதில் சேர்ந்திருக்கும் நைட்ரேட் நல்ல உரம். கடல்நீர்த் தொட்டித் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், செடி கருகிவிடும்.